பிணத்தை எண்ணித்தான் பிழையைக் கண்டுபிடிப்பீர்களா?

"ரீகால்" என்ற வார்த்தையைக் கேட்டாலே நம்ம பயல்களுக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. "பார்றா, அமெரிக்காவுல தப்புன்னு தெரிஞ்சா லட்சக்கணக்கான வண்டியத் திருப்பிக் கூப்பிட்டு ஓசியில சரி பண்ணித் தர்றான். அதுதான்டா சிஸ்டம்!" என்று உருகாதவர் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த சிஸ்டம் ஒரே ஒரு வண்டி விஷயத்தில் எப்படி நடந்துகொண்டது என்று ஆரம்பத்திலிருந்து முடிவு வரை படித்தால் உருக்கம் எல்லாம் காற்றில் போய்விடும். அந்த வண்டி ஜீப் கிராண்ட் செரோக்கி. பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்தருள்க.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். அமெரிக்காவில் ஒரு கார் மாடல் விற்பனைக்கு வரும் முன் அரசாங்கம் அதைச் சோதித்து "பாஸ்" போட்டு அனுப்புவதில்லை. பாதுகாப்பு விதிகளை அரசு எழுதும். "எங்கள் வண்டி இந்த விதிகளுக்கு உட்பட்டதுதான்" என்று கம்பெனியே தனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொள்ளும். மாணவனே விடைத்தாளைத் திருத்திக்கொள்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1966-ல் வந்த வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின் ஏற்பாடு இது. எல்லா மாடலையும் அரசே சோதித்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் இதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இதனால் என்ன ஆகிறது? வண்டி தெருவுக்கு வந்த பிறகு நடக்கும் விசாரணையும் ரீகாலும்தான் மக்களுக்கு இருக்கிற ஒரே வலை. அதற்குக் காவல்காரன் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். சுருக்கமாக என்.எச்.டி.எஸ்.ஏ. அடிக்கடி இந்த நீளத்தை எழுதினால் விரல் வலிக்கும், எனவே இனி "நிர்வாகம்".

சரி, விஷயத்துக்கு வருவோம்.

1993 முதல் 2004 வரை வந்த கிராண்ட் செரோக்கியிலும், 2002 முதல் 2007 வரை வந்த அதன் தம்பி ஜீப் லிபர்ட்டியிலும் பெட்ரோல் டேங்க் இருந்த இடம், பின் அச்சுக்குப் பின்னால். அதாவது பின் அச்சுக்கும் பின் பம்பருக்கும் நடுவில், கீழே தொங்கிக்கொண்டு. பின்னால் வருகிற வண்டி வேகமாக மோதினால் முதலில் நசுங்குகிற இடம் எதுவோ, அங்கே டேங்க். அடுப்பங்கரையில் இடமிருக்க, கேஸ் சிலிண்டரைக் கொண்டுபோய் வாசற்படியில் வைத்த கதை.

"அந்தக் காலத்தில் அப்படித்தான் வடிவமைப்பார்கள், யாருக்குத் தெரியும்?" என்று கேட்பவர்களுக்கு: எல்லாருக்கும் தெரியும். ஃபோர்டு பின்ட்டோ என்ற சின்ன காரில் இதே மாதிரி பின் அச்சுக்குப் பின்னால் டேங்க் வைத்து, மோதினால் தீப்பிடித்து, பெரிய ரகளையாகி, 1978-ல் சுமார் 15 லட்சம் கார்களை ஃபோர்டு திரும்ப அழைத்தது. முதல் கிராண்ட் செரோக்கி வருவதற்குச் சுமார் 15 வருஷம் முன்பு. ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படிக்கிற எவனும் பின்ட்டோவைப் பற்றிக் கேள்விப்படாமல் இருக்க முடியாது.

2009 இறுதியில் "சென்டர் ஃபார் ஆட்டோ சேஃப்டி" என்ற நுகர்வோர் அமைப்பு நிர்வாகத்திடம் மனு கொடுத்தது. இந்த ஜீப்புகளை விசாரியுங்கள், பின்னால் மோதினால் பற்றி எரிகின்றன, உள்ளே இருப்பவர்கள் வெந்து சாகிறார்கள் என்று. இப்படி ஒரு மனு வந்தால் 120 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். நிர்வாகம் முதற்கட்ட விசாரணையைத் தொடங்கியது 2010 ஆகஸ்டில். அதை அடுத்த கட்டமான பொறியியல் ஆய்வுக்கு உயர்த்தியது 2012 ஜூனில். "ரீகால் செய்யுங்கள்" என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதியது 2013 ஜூன் 3-ம் தேதி. மனுவிலிருந்து கடிதம் வரை மூன்றரை வருஷம்!

நடுவில் 2012 மார்ச்சில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு 1999 மாடல் கிராண்ட் செரோக்கியின் பின்னால் ஒரு பிக்கப் டிரக் மோதியது. ஜீப் தீப்பிடித்தது. உள்ளே இருந்த நான்கு வயதுப் பையன் இறந்தான். விசாரணை முதல் கட்டத்துக்கும் இரண்டாவது கட்டத்துக்கும் நடுவில் கோப்பில் தூங்கிக்கொண்டிருந்த நேரம் அது. இந்த 1999 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

2013 ஜூன் கடிதத்தில் நிர்வாகம் கேட்டது சுமார் 27 லட்சம் ஜீப்புகளை. அவர்கள் கணக்குப்படி பின்பக்க மோதலால் தீப்பிடித்ததில் கிராண்ட் செரோக்கியில் 32 விபத்துகளில் 44 பேர், லிபர்ட்டியில் 5 விபத்துகளில் 7 பேர். மொத்தம் 51 உயிர்.

கிரைஸ்லர் கம்பெனியின் பதில் மறுநாளே வந்தது. முடியாது! எங்கள் வண்டிகள் பாதுகாப்பானவை, குறைபாடு எதுவும் இல்லை. அதற்கு அவர்கள் அடுக்கிய வாதங்கள்தான் இந்தப் பதிவை எழுதவே காரணம். ஏனென்றால் இதே வாதங்களைத்தான் நம்மில் பலரும் நியாயம் என்று நம்புகிறோம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாதம் ஒன்று: "அன்றைய விதிகளுக்கு உட்பட்டுத்தான் தயாரித்தோம்." உண்மைதான். அன்றைய எரிபொருள் பாதுகாப்பு விதி, மணிக்கு 30 மைல், அதாவது சுமார் 48 கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து ஒரு தடுப்பு வந்து மோதும்போது பெட்ரோல் அளவுக்கு மீறிக் கசியக்கூடாது என்று சொன்னது. ஜீப் அதில் பாஸ். நெடுஞ்சாலையில் எவன் 48-ல் போகிறான்? அந்த விதி போதாது என்று அரசே உணர்ந்து 2003-ல் வேகத்தை 50 மைலுக்கு, அதாவது சுமார் 80 கிலோமீட்டருக்கு உயர்த்தியது. தவிர, சட்டத்தில் விதிமீறல் வேறு, பாதுகாப்புக் குறைபாடு வேறு. விதிகள் எல்லாவற்றுக்கும் உட்பட்ட வண்டியிலும் குறைபாடு இருக்கலாம், இருந்தால் திரும்ப அழைக்க வேண்டும் என்பதுதான் ரீகால் சட்டத்தின் உயிர்நாடியே. 35 மார்க் எடுத்தால் பாஸ் என்பது பரீட்சைக்குச் சரி. பாலத்துக்கும் பெட்ரோல் டேங்குக்கும் அது போதாது.

வாதம் இரண்டு: "இது மிக மிக அபூர்வம். பத்து லட்சம் வண்டி-வருஷத்துக்கு ஒரு சம்பவம்கூட இல்லை." இதுதான் எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனமான வாதம். ஒரு வண்டி ஒரு வருஷம் ஓடினால் ஒரு வண்டி-வருஷம். லட்சக்கணக்கான வண்டிகள், இருபது வருஷ ஓட்டம் என்று பெருக்கினால் எந்தச் சாவும் தசமப்புள்ளிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். சராசரி ஆழம் முழங்கால் அளவுதான் என்று நம்பி ஆற்றில் இறங்கியவன் கதை. கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை வருஷத்துக்கு ஒன்று?" என்பது அல்ல. "பின்னாலிருந்து பலமாக ஒரு மோதல் நடந்தால், இந்த வண்டியில் இருப்பவனுக்கு என்ன ஆகும்? டேங்க் முன்னால் இருக்கிற வண்டியில் இருப்பவனுக்கு என்ன ஆகும்?" என்பதுதான். பின்னால் மோதுவது யாருக்கும் எப்போதும் நடக்கலாம். அதில் இடுப்பு பிடித்துக்கொள்வதற்கும் உயிரோடு எரிவதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தீர்மானிப்பது டேங்க் இருக்கும் இடம்.

இந்த இரண்டு வாதத்துக்கும் பதில் கம்பெனியின் சொந்த டிராயிங் போர்டிலேயே இருந்தது. 2005-ல் கிராண்ட் செரோக்கியைப் புதிதாக வடிவமைத்தபோது டேங்கைப் பின் அச்சுக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். 2008 லிபர்ட்டியிலும் அப்படியே. பழைய இடத்தில் ஒன்றும் தப்பில்லை என்றால் ஏன் ஐயா மாற்றினீர்கள்? வேறு காரணங்கள் இருக்கலாம் என்பார்கள். இருக்கட்டும். வேறு இடத்தில் வைக்க முடியும் என்பதாவது நிரூபணமாகிவிட்டதா இல்லையா? முடியாதது அல்ல, வைக்கவில்லை. அவ்வளவுதான்.

இப்போது கதையின் உச்சகட்டம். கம்பெனி முரண்டு பிடிக்கிறது, அரசு கடிதம் எழுதிவிட்டது. அடுத்து என்ன நடக்க வேண்டும்? நிர்வாகம் முறைப்படி "குறைபாடு உண்டு" என்று அறிவித்து, பொது விசாரணை நடத்தி, தேவைப்பட்டால் நீதிமன்றம் போக வேண்டும். நடந்தது என்ன தெரியுமா? ஜூன் 9-ம் தேதி அமெரிக்கப் போக்குவரத்து அமைச்சர் ரே லாஹூட், கிரைஸ்லர் தலைவர் செர்ஜியோ மார்ச்சியோனே, நிர்வாகத்தின் தலைவர் டேவிட் ஸ்ட்ரிக்லண்ட் மூவரும் சிகாகோவில் சந்தித்தார்கள். நாலு சுவருக்குள் பேசினார்கள். ஜூன் 18-ம் தேதி சமரசம் அறிவிக்கப்பட்டது.

27 லட்சம் 15.6 லட்சமாகச் சுருங்கியது. 1993 முதல் 1998 வரையிலான கிராண்ட் செரோக்கியும் லிபர்ட்டியும் மட்டும் ரீகால். 1999 முதல் 2004 வரையிலான கிராண்ட் செரோக்கிக்கு ரீகால் கிடையாது, வெறும் "வாடிக்கையாளர் சேவை". வெளியே வாங்கி மாட்டிய இழுவைக் கொக்கி ஏதாவது இருந்தால் பார்த்து மாற்றித் தருவார்களாம். அந்த ஜார்ஜியா பையன் இறந்தது 1999 மாடலில். அவன் இறந்த வண்டி அரசின் கணக்கில் குறைபாடுள்ளது என்று ஜூன் 3-ம் தேதி இருந்தது, ஜூன் 18-ம் தேதி இல்லை. பதினைந்து நாளில் அந்த வண்டிகளில் எந்த போல்ட் மாறியது?

சரி, ரீகால் ஆன வண்டிகளுக்காவது என்ன செய்தார்கள்? டேங்கை இடம் மாற்றினார்களா? இல்லை. பின்னால் டிரெய்லர் இழுக்க மாட்டுவார்களே, அந்த இரும்புக் கொக்கிச் சட்டம், அதைப் பொருத்தித் தருவார்களாம். அது டேங்கைக் காப்பாற்றுமாம். படகு இழுக்கச் செய்த இரும்பைப் பெட்ரோலுக்குக் கவசம் என்று சொன்னால் நம்ப வேண்டும். கம்பெனியே குறைந்த வேக மோதல்களில் உதவும் என்ற அளவில்தான் சொன்னது. நிர்வாகமும் பிறகு சோதித்துப் பார்த்து, குறைந்த, நடுத்தர வேக மோதல்களில் கொஞ்சம் பயன் என்று ஏற்றுக்கொண்டது. எந்த வேகத்தில் ஆட்கள் செத்தார்களோ, அந்த வேகத்துக்கு? பதில் இல்லை.

அதையாவது ஒழுங்காக மாட்டினார்களா என்றால் அதுவும் இல்லை. ரீகால் அறிவித்து ஒன்றரை வருஷம் ஆகியும் மிகச் சொற்பமான வண்டிகளே சரி செய்யப்பட்டிருந்தன. 2014 நவம்பரில் நிர்வாகமே "ஏன் இவ்வளவு மெதுவாக?" என்று மார்ச்சியோனேவுக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. இந்த வண்டிகள் பழையவை. இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி, புது வண்டி வாங்க வசதியில்லாதவர்களிடம் வந்து சேர்ந்தவை. ரீகால் கடிதம் எந்த முகவரிக்குப் போகிறது, யார் படிக்கிறார்கள், லீவு போட்டு டீலரிடம் போக யாருக்கு முடிகிறது? புதிதாக வாங்கிய பணக்காரன் விற்றுத் தப்பித்துவிட்டான், ஆபத்து ஏழையிடம் வந்து நின்றது. இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

நீதிமன்றம் மட்டும் வேறு மாதிரி பார்த்தது. 2015 ஏப்ரலில் ஜார்ஜியா ஜூரி அந்தப் பையன் வழக்கில் 15 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தது. பொறுப்பில் 99 சதவீதம் கம்பெனிக்கு, மோதிய டிரைவருக்கு 1 சதவீதம். பிறகு நீதிபதி தொகையை 4 கோடி டாலராகக் குறைத்தார். தொகை குறைந்தாலும், ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் ஆதாரத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டது, அத்தனை இன்ஜினியர்களை வைத்துக்கொண்டிருந்த அரசுக்கு ஏன் புரியவில்லை என்ற கேள்வி குறையவில்லை. புரிந்தது என்பதற்குத்தான் ஜூன் 3 கடிதமே சாட்சி. புரிந்ததைச் செய்யும் தைரியம் இல்லை.

2015 ஜூலையில்தான் நிர்வாகத்துக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. பொது விசாரணை நடத்தி, அப்போது ஃபியட் கிரைஸ்லர் என்று பெயர் மாறியிருந்த கம்பெனிக்கு 10.5 கோடி டாலர் அபராதம் போட்டது. ஜீப் மட்டுமல்ல, ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அடங்கிய 23 ரீகால்களில் நடந்த குளறுபடிகளுக்கு. தப்புகளைக் கம்பெனியும் ஒப்புக்கொண்டது. அந்தப் பழைய ஜீப்புகளைச் சந்தை விலைக்கு மேல் கொடுத்து எடுத்துக்கொள்ளவும் சம்மதித்தது. "அடேங்கப்பா, பத்தரை கோடி டாலர்!" என்று வாயைப் பிளக்காதீர்கள். அதில் கையில் கட்ட வேண்டிய ரொக்கம் 7 கோடி. அந்தக் கம்பெனியின் 2014 வருமானம் சுமார் 9,600 கோடி யூரோ. முழு அபராதத்தையும் எடுத்துக்கொண்டாலும் ஒரு நாள் வருமானத்தில் பாதிகூட வராது. அதே வருஷம் டிசம்பரில் இன்னொரு 7 கோடி டாலர் அபராதம். எதற்கு? சாவு, காயம் பற்றிய தகவல்களை அரசுக்குச் சரியாகத் தெரிவிக்காததற்கு. 2003-லிருந்தே!

கவனியுங்கள். "எண்ணிக்கை குறைவு, அதனால் குறைபாடு இல்லை" என்று வாதாடிய அதே வீட்டில்தான் எண்ணிக்கையே சரியாகப் போய்ச் சேரவில்லை. இதற்குப் பிறகும் எண்ணிக்கையை வைத்துத்தான் குறைபாட்டை முடிவு செய்வோம் என்றால் என்ன சொல்வது?

வாதம் மூன்று: "வண்டியில் தப்பில்லை, ஓட்டுகிறவன் தப்பு." இதற்கு டேங்க் கதையில் இடமில்லை, பின்னால் எவனோ மோதினால் முன்னால் இருப்பவன் என்ன செய்வான்? ஆனால் அதே கிராண்ட் செரோக்கியின் அடுத்த ரீகாலில் இந்த வாதம் வந்து நின்றது. 2014, 2015 மாடல்களில் ஒரு எலக்ட்ரானிக் கியர் லீவர் வைத்தார்கள். வீடியோ கேம் ஜாய்ஸ்டிக் மாதிரி, தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் நடுவுக்கே திரும்பி வந்துவிடும். லீவர் நிற்கும் இடத்தைப் பார்த்து வண்டி எந்த கியரில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. பார்க்கில் போட்டுவிட்டோம் என்று நினைத்து இறங்குவார்கள், வண்டி உருளும்.

நிர்வாகம் 2015 ஆகஸ்டில் விசாரணை தொடங்கியது. இந்த லீவர் உள்ளுணர்வுக்கு எதிரானது, கைக்கும் கண்ணுக்கும் சரியான தகவல் தருவதில்லை என்று சொன்னது. 2016 ஏப்ரலில் உலகம் முழுக்க சுமார் 11 லட்சம் வண்டிகளுக்கு ரீகால். அப்போதும் கம்பெனி, சோதித்த வண்டிகளில் எந்தப் பாகமும் பழுதாகவில்லை என்று சொல்லத் தவறவில்லை. சரி செய்யும் மென்பொருள் எல்லா வண்டிக்கும் போய்ச் சேரவில்லை. ஜூன் 19-ம் தேதி "ஸ்டார் ட்ரெக்" படங்களில் நடித்த ஆன்டன் யெல்சின், வயது 27, லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டுச் சரிவுப் பாதையில் உருண்டு வந்த தன் சொந்த 2015 கிராண்ட் செரோக்கிக்கும் மதில் தூணுக்கும் நடுவில் நசுங்கி இறந்தார். அதே மாதம் விசாரணையை முடித்தபோது நிர்வாகம் கொடுத்த கணக்கு: 266 விபத்துகள், 68 பேருக்குக் காயம்.

பாகம் பழுதாகவில்லை என்பது உண்மைதான். வடிவமைத்தபடியே வேலை செய்தது, அதுதான் பிரச்சினை. நூற்றுக்கணக்கான பேர் ஒரே தப்பைச் செய்தால் அது அத்தனை பேரின் மறதி ஆகாது. தப்பு செய்ய வைக்கிற வடிவமைப்பு அது. 2016 மாடலில் சத்தமில்லாமல் பழைய மாதிரி லீவருக்குத் திரும்பினார்கள். டேங்க் கதையேதான். புது வண்டியில் திருத்துவார்கள், பழைய வண்டியில் குறையே இல்லை என்று சாதிப்பார்கள்.

"இதெல்லாம் அமெரிக்கா கதை, நமக்கென்ன?" என்பவர்களுக்கு ஒரு வரி. இந்தியாவில் 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம் என்று கொண்டுவந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் 2021-ல் வந்த விதிகளைப் பார்த்தால், ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் பொருந்தும். விற்பனைக்கு ஏற்ப இத்தனை புகார் சேர வேண்டும் என்று ஒரு கணக்கும் உண்டு. 2013-ல் அமெரிக்கா திரும்ப அழைத்த 1993 முதல் 1998 வரையிலான கிராண்ட் செரோக்கி ஒன்றுகூட இந்த ஏழு வருஷக் கணக்கில் தேறியிருக்காது. அபராதத்தின் உச்சம் ஒரு கோடி ரூபாய்! அவர்கள் செய்த தப்பைப் படித்துவிட்டு, அதையே சின்ன எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

வெறுமனே திட்டிவிட்டுப் போவது என் வேலை அல்ல. என் தரப்பில் நாலு கோரிக்கை. ஒன்று, விசாரணைக்குக் கெடு வேண்டும், கெடு தாண்டினால் காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். இரண்டு, "சரி செய்கிறோம்" என்று கம்பெனி கொண்டுவரும் தீர்வை, ஆட்கள் செத்த அதே வேகத்தில் மோதிச் சோதித்து, முடிவை வெளியிட்ட பிறகே ஏற்க வேண்டும். மூன்று, அமைச்சரும் முதலாளியும் தனியாகச் சந்தித்து ரீகால் எண்ணிக்கையைப் பேரம் பேசக்கூடாது, பேசினால் குறிப்பு வெளியே வர வேண்டும். நான்கு, புது மாடலில் பாதுகாப்புக்காக ஒன்றை மாற்றினால், பழைய மாடலில் அது ஏன் குறையில்லை என்று நிரூபிக்கும் பாரம் கம்பெனி தலையில் விழ வேண்டும். செத்தவன் குடும்பத்தின் தலையில் அல்ல.

நாலாவதுக்குக் கம்பெனிகள் அலறும், "அப்புறம் யாரும் எதையும் மேம்படுத்தவே மாட்டார்கள்" என்று. மேம்படுத்தாவிட்டால் போட்டிக்காரன் விழுங்கிவிடுவான், அந்தப் பயம் போதும். மெஷின் டிசைன் வகுப்பில் நமக்கு முதல் நாளே சொல்லித் தருவது, எது உடையும் என்று யோசி, உடைந்தால் என்ன ஆகும் என்று யோசி என்பதுதான். படித்து முடித்து ஒரு நாள் நம்மில் யாராவது ஒருவன் டேங்கை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிற நாற்காலியில் உட்காரத்தான் போகிறோம். அப்போது கையில் இருக்க வேண்டிய காகிதம் அந்த டிராயிங். விபத்து எண்ணிக்கை வந்து சேரும்வரை அது காத்திருக்கக் கூடாது.

டிஸ்கி: ஜீப் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. பார்க்க ஜம்மென்றுதான் இருக்கும். ஃபியட் கிரைஸ்லரும் 2021-ல் ஸ்டெல்லான்டிஸில் கலந்துவிட்டது. பெயர்தான் மாறியது, கேள்விகள் அப்படியே நிற்கின்றன. "நீ மட்டும் என்ன சைக்கிளா ஓட்டுற?" என்று கேட்க நினைப்பவர்களுக்கு: ஆமாம் :-)